புதிய மென்பொருளுக்கு வலைச் சட்டகம் தேர்ந்தெடுப்பது எப்படி: ஒரு கொலுசுப் பட்டறைக் கணக்கை முன்வைத்து

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவர், பல ஆண்டுகளாக நீள நோட்டில் எழுதிவந்த வெள்ளிக் கணக்கைக் கணினிக்கு மாற்றித் தரும்படி என்னைக் கேட்டார். நான் ஜாங்கோ, லாராவெல், ஸ்பிரிங் என்று எனக்குத் தெரிந்த வலைச் சட்டகங்களின் பெயர்களையெல்லாம் அவர் முன் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க தம்பி, நாளைக்கு நீங்க பெங்களூருப் பக்கம் வேலைக்குப் போயிட்டா இத யாரு பாத்துக்குவாங்க?" என்றார். பத்தாண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கும் நான், ஒரு வலைச் சட்டகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி இதுவே என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். எது வேகமானது, எது புதியது என்பவையெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

அலுவலகப் பேச்சில் ஃபிரேம்வொர்க் என்று சொல்வதையே இங்கு சட்டகம் என்கிறேன். உள்நுழைவைக் கவனிப்பது, தரவுத்தளத்தில் எழுதுவது, படிவத்தில் வந்ததைச் சரிபார்ப்பது, கேட்ட பக்கத்தை எடுத்துத் தருவது என எல்லா வலைச் செயலிகளுக்கும் பொதுவான வேலைகளை முன்கூட்டியே செய்துவைத்திருக்கும் நிரல்தொகுப்பு அது. தறியின் அகலம் எவ்வளவோ அதற்குள்தான் வேட்டியின் அகலம் அடங்கும் என்பது அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் எவருக்கும் தெரியும். சட்டகமும் அவ்வாறே நாம் பின்னால் செய்யக்கூடியவற்றுக்கு ஓர் எல்லையைப் போட்டுவிடுகிறது. பாதி நெய்தபின் தறியை மாற்றுவது எவ்வளவு கடினமோ, பாதி எழுதியபின் சட்டகத்தை மாற்றுவதும் அவ்வளவு கடினம்.

தொழில்நுட்பத்தின் பெயரே இல்லாத ஒரு தாள்

எந்தச் சட்டகத்தின் பெயரையும் எடுப்பதற்கு முன், ஒரு முழுத்தாளில் செய்யப்போகும் வேலையை எழுதுங்கள். யார் பதிவு செய்வார், ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவர், எது பிசகினால் தொழிலே நின்றுபோகும், என்ன காகிதம் அச்சாகி வெளியே வர வேண்டும், எத்தனை ஆண்டுகள் ஓட வேண்டும் என்பவற்றுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். வேலை கொடுப்பவரோடு உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வரும் சொற்களிலேயே எழுத வேண்டும். நாமாக ஊகித்து எழுதிய தாள் பயன்படாது.

பட்டறையின் தாள் இப்படி அமைந்தது. வெள்ளி எடை போட்டு வெளியே போகிறது. கம்பி இழுப்பவர், கண்ணி கோப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று வேலை வீடு வீடாகப் பிரிந்து நடக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எடையும் டச்சும் (வெள்ளியின் தரம்) எழுதப்படுகின்றன. சரக்கு திரும்பி வரும்போது சேதாரம் கழித்து, கூலி போட்டு, யார் கையில் எவ்வளவு வெள்ளி மீதி நிற்கிறது என்பது அன்று மாலையே தெரிய வேண்டும். பதிவு செய்பவர்கள் மூன்று பேர், மூவரும் ஒரே அறையில் அமர்பவர்கள். எடையில் ஒரு மில்லிகிராம்கூடத் தானாக மாறிவிடக் கூடாது. ரசீது தமிழில் அச்சாக வேண்டும். பத்தாண்டாவது ஓட வேண்டும்.

ஏறத்தாழ அதே நாட்களில் ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்கும் இதே போன்ற தாள் ஒன்றை எழுதினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், கார்த்திகை தொடங்கித் தை வரை பழம் பறிக்கும் வேலை மும்முரமாக இருக்கும். காலையில் மஸ்டரும் (ஆள்வருகைப் பதிவு), மாலையில் ஒவ்வொருவரும் பறித்த பழத்தின் எடையும் பதிவாக வேண்டும். எடை போடும் இடமோ சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு சரிவில் இருக்கிறது. அங்கே செல்போனில் சிக்னல் கிடைப்பதில்லை. மேஸ்திரியின் கையில் இருப்பது விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு போன்.

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, பட்டறைக்கு எல்லாச் சிக்கலும் சர்வரில்தான் என்பதும், தோட்டத்துக்கு எல்லாச் சிக்கலும் போனில்தான் என்பதும் தெளிவாயின. பட்டறைக்கு நல்ல சட்டகம் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். தோட்டத்துக்கோ, எந்தச் சர்வர் சட்டகத்தை எடுத்தாலும் முக்கியமான பாதி நம் தலையில்தான் விழும்.

பிறந்த இடத்தைப் பாருங்கள்

ஒரு சட்டகம் எந்த வேலைக்காக எழுதப்பட்டதோ, அந்த வேலையின் குணம் அதில் கடைசிவரை தங்கியிருக்கிறது. பைத்தான் மொழிக்கான ஜாங்கோ அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-இல் உருவாகத் தொடங்கி 2005-இல் பொதுவில் வெளியானது. செய்தியாளர்கள் நிரல் எழுதாமலேயே தகவல்களை உள்ளிட வேண்டியிருந்ததால், பதிவுகளைச் சேர்க்கவும் திருத்தவும் தேடவும் ஒரு நிர்வாகத் திரை அதில் இயல்பாகவே கிடைக்கிறது. கணக்கெழுதும் பட்டறைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது பயன்படுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரூபி ஆன் ரெயில்ஸ், பேஸ்கேம்ப் என்ற திட்ட மேலாண்மைச் செயலியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 2004-இல் வந்தது. சிறிய குழு விரைவாக ஒரு முழுச் செயலியைக் கட்டுவதற்கு அது இன்றும் ஏற்றது. ஸ்பிரிங் பெருநிறுவன ஜாவா நிரல்களின் சுமையைக் குறைப்பதற்காகப் பிறந்தது. ரியாக்ட், ஃபேஸ்புக் போன்ற ஒரு தளத்தில் திரையின் ஒவ்வொரு மூலையும் ஓயாமல் மாறிக்கொண்டே இருப்பதைச் சமாளிக்க எழுதப்பட்டு, 2013-இல் பொதுவில் வைக்கப்பட்டது. அது திரையை மட்டும் கவனிக்கும் ஒரு லைப்ரரி (துணை நிரல்தொகுப்பு) என்பதையும், கணக்கையும் காவலையும் நாம் வேறிடத்தில் தேட வேண்டும் என்பதையும் புதிதாக வருபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து எடை எழுதும் வேலைக்கு, திரைக்கென்று தனியாக ரியாக்டோ அதைப் போலத் திரைக்கான ஆங்குலரோ தேவைப்படவில்லை. சர்வரே பக்கத்தைத் தயாரித்து அனுப்பினால் போதும். இரண்டு சட்டகங்களைச் சேர்த்துப் பராமரிப்பது ஒன்றைப் பராமரிப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேலை என்பது என் அனுபவம்.

கொலுசு என்ற சொல்லும் ஒரு மில்லிகிராமும்

சட்டகங்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு எத்தனை கோரிக்கைகள் என்ற அளவையே காட்டுகிறார்கள். பட்டறையில் ஒரு நொடிக்கு ஒரு கோரிக்கைகூட வராது. அங்கே முக்கியமானவை வேறு.

முதலாவது எண். கணினி பதின்மப் புள்ளி எண்களை இரண்டடிமான முறையில் சேமிப்பதால், ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். பைத்தானின் சாதாரண எண்ணிலும் இதே விடைதான். ஒரு வரியில் இது தெரியாது. ஓராண்டுக் கணக்கைக் கூட்டும்போது நோட்டுக்கும் கணினிக்கும் ஒத்துப்போகாமல் நிற்கும், வெள்ளி எங்கே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் நிலை வரும். பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல் எனத் துல்லியமான எண்வகைகள் மொழியோடே வருகின்றன. ஜாங்கோவில் தரவுப் பட்டியலை வரையறுக்கும்போதே அதைக் கேட்டுப் பெறலாம். ஜாவாஸ்கிரிப்டில் அத்தகைய எண்வகை மொழிக்குள் இல்லை. ஆயினும், எல்லா எடைகளையும் மில்லிகிராமில் முழு எண்ணாகச் சேமித்துவிட்டால் எந்த மொழியிலும் பிழை வராது. ஆகவே இதை வைத்து மட்டும் ஒரு சட்டகத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அடுத்து வரும் நிரலாளர் தவறு செய்யாதபடி அது எவ்வளவு தூரம் கைபிடித்து நடத்துகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சோதனையின்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கென்று உண்மையான டெசிமல் வகை கிடையாது. நாளை போஸ்ட்கிரஸ் என்ற வேறொரு தரவுத்தளத்தில் ஓடப்போகும் செயலியை இன்று எஸ்க்யூலைட்டில் சோதித்தால், சோதனையே பொய்யாகிவிடும்.

இரண்டாவது, ஒரு பதிவு முழுமையாக நடப்பது. பட்டறை இருப்பில் 500 கிராம் குறைவதும் தொழிலாளியின் பெயரில் 500 கிராம் ஏறுவதும் சேர்ந்தே நடக்க வேண்டும்; இடையில் மின்சாரம் போனால் இரண்டுமே நடந்திருக்கக் கூடாது. இதற்கான பரிவர்த்தனை வசதி எல்லா முதிர்ந்த சட்டகங்களிலும் உண்டு, ஆனால் அதைப் பயன்படுத்துவது சிலவற்றில் ஒரு வரி, சிலவற்றில் ஒரு பக்கம்.

மூன்றாவது தமிழ். திரையில் தமிழ் காட்டுவதில் இன்று எந்தச் சட்டகத்துக்கும் தொல்லை இல்லை, பிரௌசரே பார்த்துக்கொள்கிறது. தொல்லை ரசீதில் வருகிறது. கொலுசு என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியின் சேமிப்பில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் இருக்கும். தாளில் வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும். நான் முதலில் முயன்ற பிடிஎஃப் லைப்ரரிக்கு இந்தப் பிரித்து வைக்கும் வேலை தெரியவில்லை. கொம்பும் காலும் ககரத்துக்குப் பின்னால் ஒன்றாக ஒட்டி நிற்க, பட்டறையின் ரசீதில் கொலுசு என்ற சொல்லையே படிக்க முடியவில்லை. பிறகு ரசீதை எச்டிஎம்எல் பக்கமாக எழுதி, பாங்கோ என்ற எழுத்தமைப்பு நிரலைப் பயன்படுத்தும் வீசிபிரின்ட் மூலம் பிடிஎஃப் ஆக்கியபோது எழுத்துகள் ஒழுங்காக அமைந்தன. குரோமியம் பிரௌசரைக் கொண்டு அச்சிட்டாலும் சரியாகவே வரும். உங்கள் வேலையில் தமிழ்க் காகிதம் உண்டு என்றால், முதல் நாளே கொ, யோ, ஸ்ரீ, னௌ ஆகியவை வரும் ஒரு வரியை அச்சடித்துப் பாருங்கள்.

இதோடு சேர்ந்த சிறிய விஷயம் ஒன்று. சட்டகத்தில் நேர மண்டலத்தை உலகப் பொது நேரத்திலேயே விட்டுவிட்டால், காலை 5.30-க்கு முன் செய்யும் பதிவுகள் முந்தைய நாளின் கணக்கில் போய் விழும். விடியற்காலையில் வேலை தொடங்கும் ஊரில் இது உடனே தெரிந்துவிடும்.

யார் பார்த்துக்கொள்வார்

உங்களுக்குப் பிறகு இந்த நிரலைத் திறக்கப்போகிறவர் எந்த ஊரில் இருப்பார், என்ன படித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 பாடத்திட்டங்களில் பொறியியல் முதலாண்டிலேயே பைத்தான் பாடமாக இடம்பெற்றது. ஜாவாவும் கணினிப் பிரிவுகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகிறது. பிஎச்பி தெரிந்தவர்கள் சேலத்தில் எப்போதும் கிடைக்கிறார்கள், மலிவான பகிர்வு சர்வர்களிலும் அது ஓடும் என்பதால் லாராவெலுக்கும் அந்த வசதி உண்டு. ரெயில்ஸ் எனக்கு மிகவும் பிடித்த சட்டகம். ஆனால் ரூபி தெரிந்த ஒருவரை ஐந்து ரோட்டிலிருந்து அம்மாப்பேட்டை வரை தேடியும் என்னால் கண்டுபிடிக்க முடியாதபோது, அதை ஒரு பட்டறைக்காரரின் தலையில் கட்டுவது முறையாகாது.

ஆதரவு எப்போது முடிகிறது

2015-இல் ஆத்தூர் சாலையில் உள்ள ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு ஆங்குலர்ஜேஎஸ் கொண்டு சரக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் தொடர்ந்ததே ஒழிய, உள்ளே எல்லாம் புதிது, பழைய நிரலை அப்படியே அதில் ஓட்ட வழியில்லை. பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-உடன் நின்றது. ஆலைக்காரருக்கு ஒரு புதிய வசதியும் கிடைக்காமல், அதே திரைகளை மறுபடி எழுதுவதற்கு மட்டும் காசும் காலமும் போயின. தேர்ந்தெடுத்தவன் நான் என்பதால் அது என்னை நெடுநாள் உறுத்தியது.

அன்று முதல், ஒரு சட்டகத்தின் சிறப்புகளைப் படிப்பதற்கு முன் அதன் வெளியீட்டு அட்டவணையைப் படிக்கிறேன். ஜாங்கோவில் நீள்ஆதரவுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் சுமார் மூன்று ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. 2025 ஏப்ரலில் வந்த 5.2-க்கு 2028 ஏப்ரல் வரை. லாராவெல் ஆண்டுக்கு ஒரு பெரும் பதிப்பை வெளியிட்டு, அதற்கு இரண்டு ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தருகிறது. ஆங்குலரின் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் 18 மாதம். இவற்றில் எதுவும் குறை அல்ல. ஆனால் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க ஆள் இல்லாத இடத்தில் பதினெட்டு மாதக் கெடு உள்ளதை வைக்கக் கூடாது. திருத்தம் வந்தும் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017-இல் ஈக்விஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்தில் நடந்ததே சான்று: அபாச்சி ஸ்ட்ரட்ஸ் சட்டகத்தின் ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வெளியாகியிருந்தும், அது போடப்படாத ஒரு சர்வர் வழியாக ஏறத்தாழ 14.7 கோடி பேரின் விவரங்கள் களவு போயின.

இதனால்தான் சிறிய சட்டகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. பைத்தானுக்கான ஃபிளாஸ்க், ஜாவாஸ்கிரிப்டுக்கான எக்ஸ்பிரஸ் போன்றவை எடை குறைந்தவை, கற்க எளியவை. ஆனால் உள்நுழைவு, தரவுத்தள மாற்றங்களின் வரலாறு, வேறொரு தளத்திலிருந்து போலியாக வரும் படிவங்களைத் தடுப்பது ஆகியவற்றை நாமே தனித்தனி லைப்ரரிகளாகச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஓர் எழுத்தாளர், ஓர் அட்டவணை, ஒரு கைவிடப்படும் நாள் உண்டு. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரித் தொகுப்பை அதை எழுதியவர் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை வைக்கும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ திட்டங்கள் நிறுவ முடியாமல் நின்றன. ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல் ஆகிய மூன்றிலும் அந்தப் படிவக் காவல் தொடக்கத்திலேயே இயக்கத்தில் இருக்கிறது. தனியாளாகப் பராமரிக்கும் கணக்குச் செயலிக்கு முழுச் சட்டகத்தையே நான் பரிந்துரைப்பேன். வேறு நிரல்கள் கேட்டதைத் தரும், ஒரே ஒரு சிறு வேலையைச் செய்யும் ஏபிஐ-க்கு ஃபிளாஸ்க்கோ ஃபாஸ்ட்ஏபிஐ-யோ தாராளமாகப் போதும்.

நான்கு நாள் சோதனை

இவ்வளவும் பார்த்தபின் கையில் இரண்டு பெயர்களுக்கு மேல் மிஞ்சக் கூடாது. இரண்டிலும் தலா இரண்டு நாள் செலவிட்டு, மிகக் கடினமான ஒரே ஒரு திரையைக் கட்டுங்கள். எளிய திரையை எல்லாச் சட்டகங்களும் அழகாகச் செய்துவிடும் என்பதால் அதில் கற்பதற்கு ஒன்றுமில்லை. பட்டறைக்கு நான் எடுத்தது, ஒரு கட்டு வெள்ளி மூன்று கைகளைக் கடந்து திரும்பி வந்து ரசீதாகும் திரை. கற்பனை எண்களைப் போடாமல், பழைய நோட்டிலிருந்து 23 வரிகள் கொண்ட ஒரு பக்கத்தை அப்படியே உள்ளிட்டேன். பக்கத்தின் அடியில் பட்டறைக்காரர் கையால் கூட்டி எழுதிய மீதியும் திரையில் வந்த மீதியும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் தேர்வு. எனக்கு மிஞ்சிய ஜாங்கோ, எக்ஸ்பிரஸ் இரண்டிலும் அது ஒத்துப்போனது. எக்ஸ்பிரஸில் மில்லிகிராம் முழு எண்ணுக்கு மாற்றிய பிறகு.

கட்டும்போது வேண்டுமென்றே ஒரு பிழையைச் செய்து, பிழைச்செய்தி எந்த வரியைக் காட்டுகிறது என்று பாருங்கள். அதிகாரப்பூர்வ ஆவணத்திலேயே பதில் கிடைத்ததா, அல்லது யாரோ எழுதிய பழைய விளக்கங்களுக்குள் அலைய வேண்டியிருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டியதே என் பார்வையில் மிக முக்கியமானது: அந்த நிரலை எழுதாத ஒருவரிடம் கொடுத்து ஒரு மாற்றம் செய்யச் சொல்லுங்கள். பட்டறைக்காரரின் அண்ணன் மகள் கணினி அறிவியல் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்தார். இரண்டு நிரல்களையும் அவரிடம் கொடுத்து, கூலியில் முன்பணம் கழிக்க ஒரு பத்தி சேர்க்கும்படி கேட்டேன். ஜாங்கோவில் எந்தக் கோப்பில் எது இருக்கும் என்பது முன்பே வகுக்கப்பட்டிருப்பதால், ஆவணத்தைப் பார்த்தே மதிய உணவுக்குப் பின் தொடங்கி மாலைக்குள் முடித்துவிட்டார். எக்ஸ்பிரஸ் நிரலில் கோப்புகளை நான் என் வசதிக்கு அடுக்கியிருந்தேன், "அண்ணா, இத எந்த ஃபைல்ல எழுதணும்?" என்று மூன்று முறை என்னிடம் கேட்க வேண்டியிருந்தது. திறமையில் குறை எதுவும் இல்லை. என்னைக் கேட்காமல் அவரால் அதில் நகர முடியவில்லை என்பதே எனக்குத் தேவையான பதிலாக இருந்தது.

காப்பித் தோட்டத்துக்கும் சர்வரில் ஜாங்கோவையே வைத்தேன், ஆனால் அங்கே அது சிறு பங்குதான். போனின் பிரௌசருக்குள்ளேயே பதிவுகளைச் சேமித்துவைத்து, மேஸ்திரி சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் அனுப்பும் பகுதியில்தான் பெரும்பாலான உழைப்பு போனது. ஒவ்வொரு எடைப் பதிவுக்கும் போனிலேயே மீண்டும் வராத ஓர் அடையாள எண் இடப்படுகிறது. பாதியில் அறுந்து இரண்டாம் முறை அனுப்பினாலும் சர்வர் அதே எண்ணைப் பார்த்து ஒரே பதிவாகவே எடுத்துக்கொள்ளும், எவருடைய பழமும் இருமுறை எண்ணப்படாது. இத்தகைய வேலையில் இறங்குவோர், சர்வர் சட்டகத்துக்குச் செலவிடும் சோதனை நாட்களில் பாதியைச் சரிவில் நின்று போனைச் சோதிப்பதற்கு ஒதுக்குங்கள்.

முடிவு எடுத்ததும் அதை ஒரு பக்கத்தில் எழுதி, வேலை கொடுத்தவரிடமே கொடுத்துவிடுங்கள்: எதைத் தேர்ந்தெடுத்தோம், எதை விட்டோம், ஏன், எந்தப் பதிப்பு, அதன் ஆதரவு எந்த மாதத்தில் முடிகிறது. பட்டறைக்காரரிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டி, 2028 ஏப்ரலுக்கு முன் அடுத்த நீள்ஆதரவுப் பதிப்புக்கு மாற வேண்டும், அதற்குச் சில நாட்கள் பிடிக்கும் என்று விளக்கினேன். ஆடி மாதத்தில் பட்டறையில் வேலை குறைவாக இருக்கும், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்றார். புதிய நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் "2027 ஆடி: கம்ப்யூட்டர் கணக்கு மாத்தணும்" என்று எழுதி, பக்கத்தில் அண்ணன் மகளின் பெயரையும் எழுதிக்கொண்டார்.